அதாவது சார் சொன்ன அர்த்தம்

ஜவ்வாது மலையில் இங்கிலீஷினால் நோய் வந்தவர்களும் உண்டு, இங்கிலீஷினால் நோய் தீர்ந்தவர்களும் உண்டு. இரண்டுக்கும் ஒரே ஆள்தான் பொறுப்பு. அவர் பெயர் அதாவது சார்.

சொந்தப் பெயர் வேறு ஏதோ இருந்தது. ஞானஸ்நானத்தில் வைத்த நீளமான பெயர். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு மேலே பெயிண்டில் எழுதி வைத்திருந்தார்கள். மழையில் ஊறி ஊறி முதல் எழுத்தும் கடைசிப் புள்ளியும்தான் மிச்சம். அதற்காக அவரும் கவலைப்படவில்லை, நாங்களும் கவலைப்படவில்லை. எதைச் சொன்னாலும் 'அதாவது' என்றுதான் ஆரம்பிப்பார். வீட்டில் சோறு கேட்டால்கூட "அதாவது, பசிக்குது" என்பாராம்.

மலைமேல் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி. பத்துக் கட்டில், ஒரு பழைய எக்ஸ்ரே பெட்டி, ஒரு ஜீப். ஜீப்புக்கு நான் டிரைவர். அஞ்சாவது வரைக்கும் படித்தவன். நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் எனக்கு வாய் திறக்காது. ஜீப்பில் உட்கார்ந்திருக்கும்போது எனக்காக ஹாரன் பேசும். இறங்கிவிட்டால் அதுவும் இல்லை.

அதாவது சார் அங்கே கம்பவுண்டர். கீழே கணியம்பாடிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். உருண்டையான உடம்பு, சட்டைப் பையில் மூன்று பேனா. மலைக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் மலை ஏறியதில்லை. பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசல் நாற்பது தப்படி. அவர் பார்த்த ஜவ்வாது மலை அவ்வளவுதான்.

டாக்டரம்மா வடகிழக்கில் ஏதோ ஒரு மலையில் பிறந்தவர். அவருக்கும் மலை, எங்களுக்கும் மலை. நடுவில் இங்கிலீஷ் மட்டும் பள்ளத்தாக்கு மாதிரி கிடந்தது. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவர் என்பதால் அவருடைய இங்கிலீஷ் நேர்வழியில் போகாது, எங்கள் மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்துதான் போகும். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்பதை, அவர் வானிலைக்கு அடியில் இருக்கிறார் என்பார். நர்ஸ்கள் இரண்டு பேரும் மருந்துப் பெயருக்கு மேல் நாங்கள் பொறுப்பில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். டாக்டரம்மா சொல்வதை நோயாளிக்குச் சொல்லும் வேலை அதாவது சாரிடம் வந்து சேர்ந்தது.

ஆரம்பத்தில் அவர் சொல்லுக்குச் சொல் போட்டார். அதில் முதலில் மாட்டியவர் புதூர்நாட்டுப் பக்கத்திலிருந்து வயிற்றுப்போக்கோடு வந்த ஒரு பெரியவர். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "ஹி வில் பி ஆன் ஹிஸ் ஃபீட் இன் டூ டேஸ்" என்றார். இரண்டு நாளில் எழுந்து நடமாடிவிடுவார் என்று அர்த்தமாம். அதாவது சார் பெரியவரின் காதருகே குனிந்தார்.

"அதாவது பெரியவரே, ரெண்டு நாளிக்கி காலு மேலயே இருக்கணும்."

"காலு மேலயேன்னா?"

"நிக்கணும். குந்தக் கூடாது."

மூன்றாம் நாள் பெரியவர் வந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். "நின்னுட்டேன் சாமி. தூங்கறப்பகூட கம்பத்தக் கட்டிப் புடிச்சிக்கினு நின்னேன். நானும் நின்னேன், வயித்தாலயும் நின்னுபோச்சு. இப்ப குந்தலாமா?"

வைத்தியம் பலித்துவிட்டதால் அதாவது சார் தப்பித்தார். அடுத்த மாதம் தவளை வந்தது.

குரல் கம்மிப்போய் ஒரு அம்மா வந்து நின்றார். தொண்டையில் தவளை இருக்கிறது என்றார் டாக்டரம்மா. குரல் கட்டியிருக்கிறது என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். அதாவது சார் முகம் வெளிறி, "அதாவது தாயீ, பயப்படாதீங்க, தொண்டையில தவள கீதாம்" என்றார்.

அந்த அம்மா முந்தின நாள்தான் ஓடையில் கையால் அள்ளித் தண்ணீர் குடித்திருந்தார். அலறப் பார்த்தார். குரல் கட்டியிருந்ததால் 'க்ர்ர்ராக்' என்றுதான் வந்தது. வரிசையில் நின்ற முப்பது பேரும் அதைக் கேட்டார்கள்.

"ஐயையோ, உள்ளேர்ந்து கத்துதுடீ!"

அன்று சாயங்காலத்துக்குள் செய்தி பதினைந்து ஊருக்குப் போனது. எல்லா வீட்டிலும் தண்ணீரைத் துணியில் வடிகட்ட ஆரம்பித்தார்கள். துணி ஓட்டையில் தவளைக் குட்டி தப்பி வந்துவிடும் என்று யாரோ சொல்ல, கொதிக்கவும் வைத்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று டாக்டரம்மா வருஷக்கணக்கில் படம் போட்டுக் காட்டி நடக்காத காரியம் அது. பேதி என்று வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்து விஷயம் தெரிந்தபோது ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஊருக்குப் போய்த் திரும்பும்போது அதாவது சாருக்கு ஒரு தடிப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். இங்கிலீஷில் சொல்லும் பொருளும் வேறு வேறாக வரும் பேச்செல்லாம் அதில் அடுக்கியிருந்தது.

நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார். அதற்கப்புறம்தான் ஆபத்தே ஆரம்பித்தது.

அதாவது சார் ஒரு நீள நோட்டு வாங்கி நடுவில் கோடு போட்டார். இடதுபக்கம் அவர்கள் சொல்வது, வலதுபக்கம் 'அதாவது'. மருந்துச் சீட்டை வாங்கும் கை ஒன்று, நோட்டில் எழுதும் கை ஒன்று. ஒரு நாள் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் வந்தார்.

"அதாவது டிரைவரே, இத்தினி நாளா நம்மள ஏமாத்திக்கினு இருந்திருக்கானுங்க."

"யாரு சார்?"

"இங்கிலீஷ்காரன். வெளிய ஒண்ணு சொல்றான், உள்ள வேற ஒண்ணு வெச்சிருக்கான். பூனைய பையிலேர்ந்து வெளிய வுட்டான்னா இன்னா அர்த்தம், சொல்லு."

"பூனை ஓடிப்போச்சு."

"இல்ல! ரகசியம் வெளிய வந்துட்சி."

"அப்ப பூனை?"

"பூனையே கெடயாது டிரைவரே!" என்றார்.

பூனையே கிடையாது என்று தெரிந்த நாளிலிருந்து அவர் எந்தச் சொல்லையும் நம்புவதில்லை. இங்கிலீஷோடு நிறுத்தினாரா என்றால் இல்லை. தமிழிலும் தோண்ட ஆரம்பித்தார். ஒரு காலையில், "சார், ஜீப்புல டீசல் இல்ல. டாக்டரம்மாகிட்ட சொல்லிடுங்க" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"அதாவது, வூட்ல எதுனா பேஜாரா?"

"இல்ல சார். டீசல்தான் இல்ல."

"புரியுது டிரைவரே, புரியுது" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்று டீசல் வரவில்லை. மனசு தேறி வரும்படி டாக்டரம்மா எனக்கு ஒரு நாள் லீவு கொடுத்திருந்தார்.

இன்னொரு நாள் நடையில் யாரோ தண்ணீர் பக்கெட்டை உதைத்துத் தள்ளிவிட்டார்கள். வழுக்கி விழப்போன டாக்டரம்மா, பக்கெட்டை உதைத்தது யார் என்று கத்தினார். அதாவது சாரின் நோட்டில் பக்கெட்டை உதைப்பதற்கு நேராகச் செத்துப்போவது என்று எழுதியிருந்தது. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு வார்டுக்கு ஓடினார். பத்துக் கட்டிலிலும் கையைப் பிடித்து நாடி பார்த்தார். ஒன்பதாவது கட்டிலில் ஒருவர் முகத்தை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். போர்வையை விலக்கிக் கண்ணீரோடு ஜெபம் சொல்ல ஆரம்பித்தபோது அவர் எழுந்து உட்கார்ந்து, "இன்னாய்யா?" என்றார். அதாவது சார் அன்று சாப்பிடவில்லை.

பக்கெட்டை உதைத்தது நான்தான். இத்தனை வருஷமும் சொல்லக் கூச்சமாக இருந்தது.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் ஒரு நாள் என் மனைவி சின்னப்பொண்ணு வந்து மாட்டினாள்.

அவளுக்குச் சில மாதமாக மூச்சு வாங்கியது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாள். சாயங்காலமானால் பாதம் வீங்கும். கேட்டால், "கேழ்வரகு அரைச்சேன், அதான்" என்பாள். கேழ்வரகு அரைக்காத நாளிலும் அதையே சொன்னபோது எனக்குப் பயம் வந்தது. வேலை செய்கிற இடத்திலேயே மனைவியைக் கொண்டுபோய் நிறுத்த எனக்கு வெட்கம். அதை விழுங்கிக்கொண்டு ஒரு காலை ஜீப்பில் அழைத்துப் போனேன்.

டாக்டரம்மா படம் எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "ஷீ ஹேஸ் அ பிக் ஹார்ட்" என்றார். ஹார்ட் என்ற வார்த்தை எனக்குத் தெரியும். சின்னப்பொண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா எங்கள் பக்கம் திரும்பி, "ஷீ மஸ்ட் கோ டவுன். அட் ஒன்ஸ்" என்றார். அந்த நேரம் பார்த்து வாசலில் கூச்சல். பிரசவ வலியோடு ஒரு பெண்ணை டோலியில் தூக்கி வந்திருந்தார்கள், குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று. அதாவது சாரிடம் விளக்கிச் சொல்லும்படி கையைக் காட்டிவிட்டு டாக்டரம்மா ஓடினார்.

அதாவது சார் எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையைப் பார்த்ததும் பிடித்திருந்த கையை விட்டேன்.

"அதாவது தாயீ, டாக்டரம்மா சும்மா யாரையும் பாராட்ட மாட்டாங்க. ஒங்களுக்குப் பெரிய மனசுன்னு சொல்றாங்க."

சின்னப்பொண்ணு தலையைக் குனிந்துகொண்டாள். "நானா சார்?"

"நீங்கதான். ஆனா ஒண்ணு. எறங்கிப் போவணும்ங்கறாங்க. ஒரு தடவையாவது."

"எறங்கிப் போறதுன்னா?"

"யார்கூடனா சண்டை கிண்டை இருந்தா, விட்டுக்குடுத்துப் போவணும். மனசுல வெச்சிக்கினே இருந்தா மூச்சு முட்டத்தானே செய்யும்?"

அவள் முகம் மாறிவிட்டது. என் அண்ணன் மனைவியோடு அவள் பேசி ஆறு வருஷம். இரண்டு வீட்டு நிலத்துக்கும் எல்லையில் நின்ற ஒரு பலாமரம்தான் காரணம். வேர் எங்கள் பக்கம், காய் அவர்கள் பக்கம். இதை நான் அதாவது சாரிடம் சொன்னதே இல்லை. படத்தைப் பார்த்தே டாக்டரம்மா கண்டுபிடித்துவிட்டார் என்று நாங்கள் இரண்டு பேரும் அசந்துபோனோம். ஓரகத்தி மேல் இருக்கும் கோபம் எக்ஸ்ரேயில் விழும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அவளை எங்கள் ஊரில் இறக்கிவிட்டு வேலைக்குத் திரும்பினேன். வழியெல்லாம் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தேன். ஹாரன்கூட இரண்டு தடவை சும்மா அடித்தேன்.

பிரசவம் முடிந்து டாக்டரம்மா வெளியே வரும்போது மணி மூன்று. தாயும் பிள்ளையும் நலம். கையைத் துடைத்துக்கொண்டே அதாவது சாரிடம் கேட்டார், டிரைவரின் மனைவி இறங்கிப் போய்விட்டாளா என்று. போய்விட்டார், மிகவும் பணிவான பெண்மணி என்றார் அதாவது சார். பணிவு எங்கே வந்தது என்று கேட்டார் டாக்டரம்மா. வேலூர் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி வைக்க வேண்டும், எந்த வண்டியில் போனாள் என்று கேட்டார்.

பிறகு நடந்ததை நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டாக்டரம்மா படத்தை ஜன்னலில் ஒட்டி விரலால் சுற்றிக் காட்டினாராம். இது இதயம். இவ்வளவு இருக்க வேண்டியது இவ்வளவு இருக்கிறது. பெரிது. மலையை விட்டு உடனே கீழே இறங்க வேண்டும். ஏறவே கூடாது. அதாவது சார் அந்தப் படத்தையே பார்த்தாராம். அதில் உள்ளர்த்தம் எதுவும் இல்லை.

நான் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தேன். ஓடிவரும் செருப்புச் சத்தம் கேட்டது. தலையை வெளியே நீட்டினேன்.

"டிரைவரே, வண்டிய எடு. ஜல்தி."

'அதாவது' இல்லாமல் அவர் பேச்சை ஆரம்பித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

போகும் வழியில் அவர் எல்லாவற்றையும் சொன்னார். கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆளில்லாத ரோட்டிலும் ஹாரனை விடாமல் அடிக்கும் அளவுக்கு வந்தது. அவர் நோட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒம் பொண்டாட்டியா? மேல ஒங்க அண்ணன் வூட்டுக்குப் போயிருக்குது. எறங்கிப் போவணும், எறங்கிப் போவணும்னு சொல்லிக்கினே மேல ஏறிப் போவுது. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

அண்ணன் வீட்டுக்கு ஜீப் போகாது. பாறையும் வேருமாகச் செங்குத்தான ஒற்றையடிப் பாதை. நான் ஓடினேன். எனக்கு முன்னால் அதாவது சார் ஓடினார். இருபது வருஷமாக நாற்பது தப்படிக்கு மேல் நடக்காத மனிதர். முதல் திருப்பத்தில் ஒரு செருப்பு அறுந்தது, இரண்டாவது திருப்பத்தில் மற்றதைக் கழற்றி எறிந்தார். பையிலிருந்த பேனாக்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. வழியெல்லாம் யாரோ ஒரு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஏறினார். என்னுடைய கோபம் எந்தத் திருப்பத்தில் விழுந்ததென்று எனக்குத் தெரியவில்லை.

மேலே, அண்ணி வீட்டு வாசற்படியில் சின்னப்பொண்ணு சாய்ந்து கிடந்தாள். உதடு கருத்திருந்தது. அண்ணி அவள் தலையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு முறத்தால் விசிறிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் முகத்திலும் கண்ணீர்.

"வந்ததும் வராததுமா, 'எக்கா, நான் எறங்கி வந்துட்டேன், பலாமரம் ஒனக்கே'ன்னா. அப்பால மூச்சே வர்ல" என்றார் அண்ணி.

அதாவது சார் அவர்கள் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார். அவருக்கும் மூச்சு வரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டு, திக்கித் திக்கி, "தாயீ, மன்னிச்சிடுங்க. நான் சொன்னது தப்பு. ஒங்களுக்கு மனசு பெருசு இல்ல" என்றார்.

அண்ணியின் கையில் முறம் நின்றது.

"இன்னா சொன்ன? யாருக்கு மனசு பெருசு இல்ல? ஆறு வருஷம் மூஞ்சில முழிக்காதவ, மூச்சு வாங்கிக்கினே மல ஏறி வந்து மரத்த குடுத்துட்டுக் கெடக்கறா. இவளுக்கு மனசு பெருசு இல்லியா? யார்யா நீ?"

"மனசு இல்லம்மா! இதயம்! இதயம் வீங்கிக் கெடக்குது!"

"முறத்தாலயே போடுவேன்! வீங்கியிருக்காம் இல்ல!"

நான் பேச வேண்டிய நேரம் அது. என் வாய் திறக்கவில்லை. அண்ணியின் கையிலிருந்த முறத்தை மட்டும் வாங்கிக் கீழே வைத்தேன். அண்ணன் ஓடிப்போய்ப் போர்வையும் மூங்கிலும் கொண்டுவந்தார். டோலி கட்டித் தூக்கினோம். முன்னால் அண்ணன், பின்னால் நான். கல் குத்தும் வெறுங்காலோடு அதாவது சார் பக்கத்தில் அவள் கையைப் பிடித்தபடி வந்தார். அண்ணி பின்னாலேயே அவரைத் திட்டிக்கொண்டு வந்தார்.

பாதி வழியில் சின்னப்பொண்ணு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். "சார், இப்ப எறங்கறனே, இது எந்த எறக்கம்?" என்றாள்.

"இது வெறும் எறக்கம்தான் தாயீ" என்றார் அவர். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அமிர்தி வழியாக இறங்கி வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே பதினோரு நாள். அண்ணி உள்ளே அவள் கூடவே இருந்தார். வெளியே நடையில் நானும் அதாவது சாரும். இருபது வருஷத்தில் அவர் போட்ட முதல் லீவு அது. "நீங்க போங்க சார்" என்றால், "போறேன், போறேன்" என்பார். அதற்கு உள்ளர்த்தம் தேட வேண்டியதில்லை. போகமாட்டார்.

அங்கிருந்த பெரிய டாக்டர்கள் எங்களைப் பார்த்தால் "பார்க்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடந்துவிடுவார்கள். அதாவது சார் நோட்டு முழுக்கத் தேடியும் 'பார்க்கலாம்' என்பதற்கு அர்த்தம் அகப்படவில்லை. எங்கள் டாக்டரம்மா தினமும் அவர்களிடம் போனில் விசாரித்துவிட்டு அதாவது சாருக்குச் சொல்வார். சாருக்கு இப்போது எல்லா வார்த்தை மேலும் பயம். ஒவ்வொன்றையும் மூன்று தடவை கேட்பார். "டாக்டர், திஸ் இஸ் வெளியர்த்தமா, உள்ளர்த்தமா?" என்று அவர் கேட்பது நடை முழுக்கக் கேட்கும்.

நான்காம் நாள் போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நோட்டைப் பிரித்து விரலை வைத்துக் காட்டினார்.

"இன்னும் காட்டை வுட்டு வெளிய வர்லன்னு சொல்றாங்க டிரைவரே. கேட்டுட்டேன், உள்ளர்த்தம்தான். காடுன்னா ஆபத்து. வெளிய வந்துட்டா பொழைச்சிக்கினாங்கன்னு அர்த்தம்."

எனக்கு அது பிடிக்கவில்லை. நடையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். இருந்தும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"காடு எப்படி சார் ஆபத்தாவும்? அவ பொறந்தது காட்டுல. என்னக் கட்டிக்கினது காட்டுல. காட்டை வுட்டு வெளிய வந்ததுக்கு அப்பாலதான் இந்த ஆஸ்பத்திரி, இந்த ஊசி, இந்தக் குழாயி எல்லாம். அவள திரும்ப காட்டுக்குக் கொண்டுபோவணும்னுதான் நான் இங்க குந்திக்கினு கீறேன். வெளிய வந்தா பொழைப்பான்னு எழுதியிருந்தா, அது தப்பு சார்."

நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அதாவது சார் பக்கத்து ஆளிடம் பேனா கடன் வாங்கினார், அவருடைய மூன்றும் மலைப்பாதையில் கிடந்ததால். நோட்டில் அந்த வரியைக் குறுக்கே அடித்தார்.

"இத எழுதினவன் காட்டையே பாத்திருக்க மாட்டான்" என்றார்.

பதினோராம் நாள் நான் டீ வாங்கிக்கொண்டு திரும்பினேன். நடையின் அந்தக் கோடியில் அதாவது சார் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். மூன்று தடவை ஏதோ கேட்டார். மூன்று தடவை தலையை ஆட்டினார். பிறகு போனை மூடிவிட்டு என் பக்கம் ஓடிவந்தார். ஓடிவந்தவர் என்னைத் தாண்டி நேராக உள்ளே போய்ச் சின்னப்பொண்ணு கட்டில் பக்கத்தில் நின்றார். டாக்டரம்மா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். காட்டை விட்டு வெளியே வந்துவிட்டாள் என்றுதான் சொல்லியிருப்பார். அவருக்கு வேறு மாதிரி சொல்ல வராது.

அதாவது சார் தொண்டையைச் செருமினார்.

"அதாவது தாயீ... காட்டுக்குப் போலாம்."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சின்னப்பொண்ணு, "இதுக்கு உள்ள வேற எதுனா கீதா சார்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. அப்படியே எடுத்துக்கோங்க."

அது ஆகி வருஷங்கள் ஓடிவிட்டன. சின்னப்பொண்ணு மாத்திரை போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாள். குடம் மட்டும் நான் தூக்குகிறேன். பலாமரம் யாருக்கு என்று இப்போது வேறு மாதிரி சண்டை. நீ வைத்துக்கொள் என்று இவளும், நீயே வைத்துக்கொள் என்று அண்ணியும் மல்லுக்கு நிற்கிறார்கள். பழுக்கும் முதல் பழம் யாருக்கு என்பதில் மட்டும் தகராறு இல்லை. அது கணியம்பாடிப் பக்கம் பஸ்ஸில் போகும். அதாவது சார் வேலையிலிருந்து ஓய்வுபெற்று அங்கேதான் இருக்கிறார். பழம் கிடைத்ததும் போன் செய்வார். "அதாவது, பழம் வந்துட்சி" என்பார். எனக்குப் போனிலும் பேச வராது. சும்மா பிடித்துக்கொண்டிருப்பேன். "புரியுது டிரைவரே, புரியுது" என்பார். இப்போதெல்லாம் அவர் சரியாகத்தான் புரிந்துகொள்கிறார்.

டாக்டரம்மாவும் தன் மலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்திருக்கும் டாக்டர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். எங்கள் பேச்சிலேயே பேசுகிறார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சின்னப்பொண்ணை அழைத்துப் போகிறேன். "நல்லா கீது உன் ஹார்ட்டு, பயப்படாதம்மா" என்கிறார். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விளங்குகிறது. இருந்தாலும் அவர் சொல்லி முடித்ததும் நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருப்பதில்லை. மருந்து கொடுக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி, கொஞ்ச நேரம் காத்திருக்கிறோம்.